போட்டோவில் இருக்கும் ஆளே நேரில் வரவேண்டும்

2016இல் நடிக்க வாய்ப்புத் தேடி முதல்முதலாக ஆல்பம் போட்டேன். தாம்பரம் பக்கத்தில் கல்யாணம், சீமந்தம், பாஸ்போர்ட் சைஸ் என்று எல்லாம் எடுக்கிற ஒரு ஸ்டூடியோ. இரண்டு மணி நேரம், மூன்று சட்டை, கடைசியில் அவர்களே மாட்டிவிட்ட ஒரு கோட்டு. ஒரு வாரம் கழித்துப் படங்கள் கைக்கு வந்தன. என் நிறம் இரண்டு மூன்று படி ஏறியிருந்தது. சின்ன வயதில் அம்மை போட்டபோது வலது கன்னத்தில் விழுந்த தழும்பைக் காணோம். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமை, நெற்றிக் கோடு எல்லாவற்றையும் துடைத்து எடுத்திருந்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தாம்பா இருக்கு. ஆனா உன்னை மாதிரி இல்லையே” என்றாள்.

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி அந்தப் படங்களைத்தான் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். உதவி இயக்குநர் கையிலிருந்த படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இது நீங்கதானா?” என்று கேட்டார். அவர்கள் தேடியது வெளிநாட்டிலிருந்து திரும்பும் பணக்கார மாப்பிள்ளை. மரியாதையாகப் பேசி அனுப்பிவைத்தார். அதே படத்தில் ரேஷன் கடையில் பில் போடும் ஆள் வேடத்துக்கு மாதக்கணக்கில் முகம் தேடியிருக்கிறார்கள் என்பது எங்கள் நாடகக் குழு நண்பர் மூலம் பிறகு தெரிந்தது. அது அப்படியே என் முகம். ஆனால் நான் கொடுத்த படத்தில் அந்த முகம் இல்லை. அங்கே எனக்கு வேலை இருந்தது. நான்தான் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை ஆல்பம் போட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே எடுத்தும் கொடுக்கிறேன். சேலையூர், மேடவாக்கம், பம்மல், பெருங்களத்தூர் என்று இந்தப் பக்கத்திலிருந்து நடிக்கக் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நிறத்தில் கை வைக்க விடாதீர்கள்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான். உங்கள் நிறத்தை வெளுப்பாக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “நிறம் ஏத்தக் கூடாது, தோலை வழவழன்னு ஆக்கக் கூடாது, மூக்கு தாடையைத் தொடக் கூடாது.” நேற்று வந்த பருவை எடுக்கலாம், அது அடுத்த வாரம் இருக்காது. மச்சம், தழும்பு, பல்லிடுக்கு, வழுக்கை எல்லாம் உங்களோடு வருகிறவை. அவை படத்திலும் இருக்கவேண்டும்.

தமிழ் சினிமாவில் நினைவில் நிற்கிற முகங்களை எண்ணிப் பாருங்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று எத்தனை பேர் வந்தார்கள். இவர்களில் யாருடைய முகத்தையாவது வேறொருவருடைய முகத்தோடு குழப்பிக்கொள்ள முடியுமா? அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர் விஜய் சேதுபதி. உன் முகம் போட்டோவுக்கு ஏற்ற முகம் என்று பாலு மகேந்திரா சொன்னது தனக்குத் தைரியம் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. ஒளிப்பதிவாளராக வந்து இயக்குநர் ஆனவர், ஜன்னல் வழியே வருகிற வெளிச்சத்தையும் மனிதர்களின் இயல்பான நிறத்தையும் நம்பிப் படம் எடுத்தவர். அவருடைய ‘வீடு’ படத்துக்காக அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் அர்ச்சனாவின் மாநிறம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பிறகு உங்கள் ஆல்பத்தைப் பாருங்கள்.

கறுப்பாக இருப்பவர்கள் படத்தில் இன்னும் இருட்டாக விழுவதற்குக் காரணம் தோல் இல்லை. பின்னால் வெள்ளைச் சுவரை வைத்துக் கேமராவை ஆட்டோவில் விட்டால், அது சுவரின் வெளுப்பைப் பார்த்து மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். முகம் இருட்டடிக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றுவார்கள். அதற்குப் பதில், பின்னணியைச் சாம்பல் நிறமாகவோ மங்கின நீலமாகவோ வைத்து, முகத்துக்கு அளவெடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து மெத்தென்று வெளிச்சம் விழுந்தால் கறுத்த கன்னத்தில் ஒரு மினுமினுப்பு வரும். அந்த அழகு வெளுத்த தோலில் வராது.

ஒரு வாரத்துக்கு முன்பே

முடிவெட்டுவதை முதல் நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் முன்னால் வெட்டினால் முடி தன் போக்கில் படிந்திருக்கும். பெண்கள் புருவம் திருத்துவதையும் ஃபேஷியலையும் நான்கு நாள் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. சிவப்பும் தடிப்பும் அடங்கிவிடும். தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள் நான்கைந்து நாள் நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் கேமராவுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் இரவே தலைக்குக் குளித்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்த தலை லைட்டுக்குக் கீழே ஈரமாக மின்னும்.

ஆண்கள் தாடியோடு ஒரு செட், மீசையோடு ஒரு செட் எடுக்கலாம். ஒரே நாளில் எடுக்கிறீர்கள் என்றால் தாடிதான் முதலில். எங்கள் குழுவில் ஒருவர் கார்த்திகையில் மாலை போடுவார். மலைக்குப் போய் வந்ததும் அந்தத் தாடியோடு ஒரு செட், அங்கேயே மழித்துவிட்டு அடுத்த செட். அந்தத் தாடிப் படத்தை வைத்து அவருக்கு இரண்டு கிராமத்து வேடங்கள் வந்தன.

முதல் நாள் ராத்திரி ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். உப்பு கூடினால் காலையில் கண் உப்பும். தண்ணீரை முதல் நாளே நிறையக் குடியுங்கள். காலையில் நாலு இட்லி போதும். பட்டினியாகப் போனால் பத்தாவது படத்திலேயே முகம் வாடிவிடும்.

சட்டையும் புடவையும்

புதுசு வாங்க ஓடவேண்டாம். நீங்கள் அடிக்கடி போடுகிற, போட்டால் தோள் தளர்ந்து நிற்கிற சட்டைதான் நல்ல சட்டை. அப்படி இல்லாதவர்கள் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு சாயங்காலம் நடந்தால் போதும். கருநீலம், பாசிப்பச்சை, செங்கல் நிறம், மரக்கலர் எல்லாம் நம் தோலோடு ஒத்துப்போகிறவை. பளிச்சென்ற வெள்ளை முகத்திலிருந்து கண்ணை இழுத்துவிடும். பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் நெளியும். மார்பில் எழுத்து போட்ட பனியன் வேண்டாம், பார்க்கிறவர் எழுத்தைப் படிக்கப் போய்விடுவார்.

நான்கு உடுப்பு போதும். ஒன்று ஆபீசுக்குப் போகிற மாதிரி, ஒன்று வீட்டில் இருக்கிற மாதிரி, ஒன்று ஊர்ப்பக்கத்து ஆள் மாதிரி, ஒன்று விசேஷத்துக்கு. போலீஸ் யூனிஃபார்ம், வக்கீல் கோட்டு வாடகைக்கு எடுக்காதீர்கள். யூனிஃபார்மில் பார்த்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள். விபூதி, குங்குமம், மூக்குத்தி, தாலிச் சரடு இவற்றோடு ஒரு படமும், இவை இல்லாமல் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

சேலையூரிலிருந்து வடபழனி வரை

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது தனிப்பாடம். ஷேர் ஆட்டோவில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில், பரங்கிமலையில் இறங்கி மெட்ரோ, பிறகு வடபழனி. போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அதனால் போட்டோவுக்கான உடுப்பைப் போட்டுக்கொண்டு போகவேண்டாம். இஸ்திரி போட்டதை ஹேங்கரோடு நீள கவரில் மாட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பையில் மடித்து வைத்த சட்டையின் மடிப்புக் கோட்டை எந்த லைட்டாலும் மறைக்க முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. அந்த ஒரு நாளைக்கு அந்த டிக்கெட்டை எடுங்கள்.

சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் போங்கள். ஃபேனுக்குக் கீழே பேசாமல் உட்காருங்கள். வியர்வையைத் தேய்க்காதீர்கள், டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். மேக்கப் போடுவதாக இருந்தால் அந்த ஷேடைத் தாடைக்குக் கீழே, கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் தடவிப் பாருங்கள். முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக இருந்தால் அது உங்கள் ஷேடு இல்லை. போட விடாதீர்கள்.

தள்ளி நின்றால் மூக்கு அடங்கும்

“போன்ல எடுத்தா மூக்கு பெரிசா தெரியுது” என்று எல்லோரும் சொல்வார்கள். மூக்கின் மேல் குற்றமில்லை, தூரம்தான் காரணம். மூக்கு காதைவிடக் கேமராவுக்கு நெருக்கம். ஒன்றரை அடியில் வைத்து எடுத்தால் அந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்றால் அது கரைந்துபோய் முகம் தன் அளவுக்கு வரும். ஸ்டில் போட்டோகிராபர்கள் 85 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொண்டு பின்னால் நகர்வது இதனால்தான். போனில் எடுப்பவர்கள் செல்ஃபி கேமராவை விட்டுவிட்டுப் பின்பக்கக் கேமராவில் 2எக்ஸ் வைத்து, இன்னொருவரைத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

வெளியில் எடுப்பதானால் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண் இரண்டும் குழியாகிவிடும். நடிகனுடைய படத்தில் கண் தெரியவில்லை என்றால் ஒன்றும் தெரியவில்லை.

கையில் காசு இல்லாதவர்களுக்கு என் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். கிழக்குப் பார்த்த ஜன்னல். ஏழரை மணி வெயில் நேராக விழும். ஜன்னல் கம்பியில் அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியைக் கட்டிவிடுவேன். வெயில் அதில் வடிகட்டி மெத்தென்று உள்ளே வரும். எதிர்ப்பக்கம், நிழல் விழுகிற கன்னத்துக்கு நேரே, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய தெர்மாகோல் அட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் தணியும், தள்ளிக்கொண்டு போனால் நிழல் கூடும். கருவிழியில் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். அந்தப் பொட்டு விழுந்தால் கண்ணுக்கு உயிர் வந்துவிடும். வேட்டியின் கரை போட்ட பக்கத்தை மேலே மடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் கரையின் நிறம் நெற்றியில் படியும். பெருங்களத்தூர்த் தம்பி ஒருவருக்கு இப்படி எடுத்த படத்தைத்தான் ஒரு சீரியலுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கண்ணுக்குள் என்ன ஓடுகிறது

2018இல் சாலிகிராமத்தில் ஒரு மாடியறையில் இரண்டாவது ஆல்பம் போட்டேன். எடுத்த அண்ணன் பல வருஷம் செட்டில் ஸ்டில் எடுத்தவர். முதல் நாற்பது படம் வரை நான் விறைப்பாக நின்றேன். சிரிக்கச் சொன்னால் பல் தெரிந்தது, முகம் சிரிக்கவில்லை. அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு டீ வரவழைத்தார்.

“வீட்ல யாரெல்லாம் இருக்காங்க தம்பி?”

“அம்மா, அக்கா. அக்கா எழும்பூர்ல வேலை பாக்கறாங்க. வர ராத்திரி ஒம்போதாயிடும்.”

“லேட்டானா?”

“தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் நிப்பேன்.”

“எந்த இடத்துல?”

“மேம்பாலப் படிக்கட்டு இறங்குற இடத்துல.”

“சரி, இப்ப அங்கதான் நிக்கறீங்க. இந்த லென்ஸுதான் படிக்கட்டு. ஒரு வண்டி வந்துடுச்சு, கூட்டம் இறங்குது. அக்கா இல்ல. அடுத்த வண்டி வருது, பாருங்க.”

நான் பார்த்தேன். நடிக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அந்தப் படிக்கட்டில் இறங்குகிற துப்பட்டா, சாப்பாட்டுப் பை, குடை என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். அவர் பன்னிரண்டு பதினைந்து முறை தட்டியிருப்பார். “போதும்” என்றார்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை இன்றுவரை விடவில்லை. கேமராவுக்கு முன்னால் முகபாவம் செய்யாதீர்கள். யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் இடத்தில் அவரை நிறுத்துங்கள், அவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லுங்கள். கடன் கேட்க வந்த நண்பன், பரீட்சையில் ஜெயித்த தங்கை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா என்று நான்கைந்து பேரை முதல் நாளே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஓர் ஆள். அது போதும்.

எதை எடுத்து, எப்படி அனுப்புவது

தேர்ந்தெடுப்பதை நீங்களே செய்யாதீர்கள். நம் முகத்தை நாம் கண்ணாடியில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். கண்ணாடியில் இடம் வலம் மாறியிருக்கும். அதனால் உள்ளபடி விழுந்த படம் நமக்கே அந்நியமாகத் தெரியும், பிடிக்காது. உங்களைத் தினமும் பார்க்கிற மூன்று பேரிடம் கொடுங்கள். மூன்று பேரும் கை வைக்கிற படம்தான் உங்கள் படம்.

அனுப்புவது ஐந்து படம்: ஒரு க்ளோசப், இடுப்பு வரை ஒரு மிட் ஷாட், தலை முதல் கால் வரை ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நாற்பது படம் அனுப்பினால் ஒன்றைக்கூடத் திறக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஃபைலின் பெயரிலேயே உங்கள் பெயர், வயது, உயரம் இருக்கட்டும். கூடவே முப்பது விநாடி வீடியோவில், மேக்கப் இல்லாமல், பெயரும் ஊரும் தெரிந்த மொழிகளும் சொல்லுங்கள். எடை ஏறினாலோ இறங்கினாலோ, தாடி வைத்தாலோ எடுத்தாலோ, வருஷம் ஒன்று ஆனாலோ படத்தை மாற்றுங்கள்.

காசு, காவல்

“எங்ககிட்ட ஆல்பம் போட்டா வேஷம் நிச்சயம்” என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் குழுத் தங்கை ஒருத்தி அப்படி 18,000 ரூபாய் கட்டினாள். படமும் வரவில்லை, வேடமும் வரவில்லை. போட்டோ எடுக்கிற வேலை வேறு, ஆள் எடுக்கிற வேலை வேறு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே ரசீதில் விற்றால் அதில் ஏமாற்று இருக்கிறது.

பெண்கள் தனியாகப் போகவேண்டாம். அண்ணனோ அம்மாவோ தோழியோ அறைக்கு உள்ளேயே உட்காரட்டும். நீங்கள் கொண்டுபோகாத உடுப்பைப் போடச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எத்தனை படம், எத்தனை நாளில், கை வைக்காத மூலப் படங்கள் எல்லாம் கிடைக்குமா, அவர்கள் வேறெங்காவது அவற்றைப் போடுவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான போட்டோகிராபர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். சாலிகிராமத்து அண்ணன் நான் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்தார்.

அவர் கொடுத்த படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டாள். கன்னத்துத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை, என் நிறம் எல்லாம் அதில் இருந்தபடி இருந்தன. நான்காவது படத்தில் நின்றுவிட்டாள். அந்த டீ, அந்தப் படிக்கட்டு எதையும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏம்பா, அக்கா வர அன்னைக்கு லேட்டாச்சா?” என்று கேட்டாள்.